மைக்குல சொல்லக்கூடாத பேரு

எனக்கு வாய் ஜாஸ்தி. அத வெச்சித்தான் பொழைக்கிறேன், அதனால அத ஒரு கொறையா சொல்லிக்கப் போறதில்ல. கள்ளக்குறிச்சியில ஆட்டோவுல ஸ்பீக்கர் கட்டிக்கினு, ஆடித் தள்ளுபடி, பொங்கல் தள்ளுபடின்னு ஒரு பொம்பள குரல் தெருத்தெருவா போவுமே, ரொம்ப வருசத்துக்கு அது நான்தான். எங்க வூட்டுக்காரரு கல்யாண வீடியோ எடுக்கிறவரு. கொரோனாவுக்கு அப்பால கல்யாண ஆர்டரு கம்மியாயி, கேமராவ துணி போட்டு மூடி வெச்சிருந்தப்போ, கபடி மேட்சு ஒண்ண யூட்டியூப்ல லைவ் போட்டுத் தர முடியுமான்னு பக்கத்து ஊருக்காரங்க கேட்டாங்க. அவரு கேமராவோட நின்னாரு. மைக்குல பேச வந்த ஆளு மூக்கு முட்ட குடிச்சிட்டு வந்து மைக்கயே தலைகீழா புடிச்சிக்கினு நின்னான். புடுங்கி நான் பேசுனேன். அவ்ளோதான், சேனல் ஆரம்பிச்சாச்சி.

கபடிக்கு பேசறதுன்னா பாயிண்டு சொல்றது மட்டும் இல்ல. யாரு வேணும்னாலும் பாயிண்டு சொல்லுவான். ஜனங்க எதுக்கு என் லைவ்ல வந்து நிக்கிறாங்கன்னா நான் வாய்க்கு வந்தபடி ஓட்டுவேன்னுதான். ஒருத்தன் கொஞ்சம் குண்டா இருந்தா "ரேஷன் கட மூட்ட நவுருதுங்க, வழி வுடுங்க"ம்பேன். புடி வாங்கி வுழுந்தவன் எழுந்திருக்க நேரமானா "தம்பி தலகாணி கேக்குது, யாராச்சும் குடுங்க"ம்பேன். ஒரு தடவ ஒருத்தனோட அம்மா கூட்டத்துல இருந்து எழுந்து வந்து "எம்புள்ளைய இன்னாடி சொன்ன"ன்னு மைக்கு ஒயர புடிச்சி இழுத்துச்சி. அதையும் லைவ்ல வுட்டோம். அன்னிக்கு வந்த கூட்டம் அதுக்கு முன்ன வந்ததே இல்ல.

அப்பால ஸ்பான்சர். எங்களுக்கு ரெடிமேடு கட வெச்சிருக்கிற ஒரு பாய்தான் மெயின் ஸ்பான்சரு. ஒவ்வொரு ரெய்டுக்கும் முன்னாடி "இந்த ரெய்ட உங்களுக்கு வழங்குவது"ன்னு அவரு கடைய சொல்லணும். ஒருத்தி மூச்சு புடிச்சிக்கினு கோட்டத் தாண்டி உள்ள போறா, நான் நைட்டி ரெண்டு எடுத்தா ஒண்ணு இலவசம்னு சொல்லிக்கினு இருப்பேன். பாய் தங்கமான மனுசன், ஆனா கடையில உக்காந்துக்கினே போன்ல லைவ் பாப்பாரு. எத்தினி பேரு பாக்கறாங்கன்னு மூலையில நம்பரு ஓடும் இல்ல, அது கொறைஞ்சா உடனே எனக்கு போன் வந்துடும்.

அந்தப் பொண்ண நான் மொதல்ல பாத்தது ஒரு காலேஜ்ல. பிரைவேட் காலேஜு, பேரு வேணாம். காலேஜுங்களுக்குள்ள நடக்கற மேட்சுக்கு லைவ் போட எங்கள கூப்புட்டிருந்தாங்க. அங்க வெளையாட்டுக்கெல்லாம் பொறுப்பு பி.டி. சாரு. நல்லா இஸ்திரி போட்ட டீசர்ட்டு, கழுத்துல விசிலு. வந்தவுடனே என்னத் தனியா கூப்புட்டு, "மேடம், மலையில இருந்து ஒரு பொண்ண எடுத்திருக்கோம். கொஞ்சம் தூக்கி வுடுங்க, அட்மிஷன் டைம் வருது"ன்னாரு.

மலை மேல, கரியாலூருக்கு உள்ள தள்ளி ஒரு சின்ன ஊரு அந்தப் பொண்ணுக்கு. ஒல்லியா, கருப்பா, பேசவே பேசாது. கோர்ட்டுல எறங்குச்சின்னா கதையே வேற. எதிர்ல நிக்கிற பொண்ணுங்க காலு எங்க வெச்சிருக்குன்னு பாத்துக்கினே இருக்கும், திடீர்னு உள்ள பூந்து தொட்டுட்டு வெளிய வந்துடும். நான் அப்பவே அதுக்கு ஒரு பேரு வெச்சேன். "மலை மின்னல்". பெருசா ஒண்ணியும் யோசிக்கல, வாயில வந்துச்சி. காலேஜுக்காரங்க அதையே புடிச்சிக்கினாங்க. அடுத்த வாரம் பஸ் ஸ்டாண்டு எதுர்ல முப்பதடி ஃப்ளெக்ஸு, அந்தப் பொண்ணு கால மடிச்சி பாயற போட்டோ, மேல "எங்கள் மலை மின்னல்", கீழ அட்மிஷன் நடைபெறுகிறது.

அந்தப் போட்டோவுக்கு புது கபடி ஷூ போட வெச்சி எடுத்தாங்க. எடுத்து முடிச்சவுடனே ஷூவக் கழட்டி அட்டப் பொட்டியில போட்டு வாங்கி வெச்சிக்கினாங்க. எங்க வூட்டுக்காரருதான் போட்டோ எடுத்தாரு, அதனால எனக்குத் தெரியும்.

இதுல முக்கியமானது இன்னான்னா, அதுக்கு அங்க சீட்டு ப்ரீ. படிப்பு, ஹாஸ்டலு, சோறு எல்லாம் கபடிக்குத்தான். நான் சொல்ல வர்ற பொங்கலப்போ மூணாவது வருசம் படிச்சிக்கினு இருந்துச்சி. இன்னும் அஞ்சு மாசம் ஓட்டிட்டா டிகிரி கையில. யுனிவர்சிட்டி டீம்ல பேரு வந்துடுச்சி, அதுல ஒரு தடவ ஆடிட்டா ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல போலீசு வேலைக்குப் போவலாம். அது வூட்டுல பத்தாவது தாண்டுன மொத ஆளே அதுதான். இதெல்லாம் நான் எடுத்த பேட்டியில அதுவே சொன்னது. ஆனா சீட்டு குடுக்கறப்பவே கையெழுத்து வாங்கியிருந்தாங்க. காலேஜ் ஜெர்சியத் தவிர வேற எந்த ஜெர்சியும் போடக்கூடாது, வெளியில எந்த மேட்சும் ஆடக்கூடாது. ஆடுனா சீட்டு போச்சி.

எங்க பக்கம் கபடியில கெஸ்டுன்னு ஒரு பழக்கம் உண்டு. ஊரு டீம் சுமாரா இருந்தா வெளியில இருந்து ஒரு நல்ல ஆட்டக்காரரக் கூட்டிக்கினு வந்து, ஊர்ல ஒருத்தரு பேருல எறக்குவாங்க. ஆடறவங்களுக்குத் தெரியும், எதுத்து ஆடறவங்களுக்குத் தெரியும், ரெப்ரிக்குத் தெரியும், டீக்கட போடறவனுக்கும் தெரியும். எல்லா டீமும் அதத்தான் பண்ணுது, அதனால யாரும் கேக்க மாட்டாங்க. ஒரே ஒரு கட்டுப்பாடுதான். மைக்குல நெஜப் பேரு வரக்கூடாது. ஸ்கோர் போர்டுல இன்னா எழுதியிருக்கோ அதத்தான் சொல்லணும். எவ்ளோ குடிச்சிட்டு வந்த அறிவிப்பாளனும் அத மீறுனது இல்ல.

பொங்கல் லீவுல களமருதூர் பக்கம் பொண்ணுங்க மேட்சு. பொண்ணுங்க மேட்சுன்னா பகல்லயே முடிச்சிடுவாங்க, வூட்டுக்கு அனுப்பணும் இல்ல. காலையில நான் ஒயரு இழுத்துக்கினு இருந்தேன், பின்னாடி இருந்து "அக்கா"ன்னு ஒரு குரலு. பாத்தா அந்த மலைப் பொண்ணு. நெத்திய மறைச்சி பெரிய பட்டையா ஹேர்பேண்டு, வேற ஊரு ஜெர்சி. தண்ணி டேங்குக்குப் பின்னாடி கூட்டிக்கினு போச்சி.

"அக்கா, கெஸ்டா வந்துருக்கேன். இது ஒண்ணுதான், இனிமே வரமாட்டேன்."

"எதுக்குடி வந்த? தெரிஞ்சா தோல உரிச்சிடுவாங்க."

"ஷூ இல்லக்கா. யுனிவர்சிட்டி மேட்சுக்கு மண்ணுல இல்ல, ரப்பர் மேட்டு மேல ஆடணுமாம், ஷூ இல்லாம சேக்க மாட்டாங்களாம். சாரக் கேட்டேன், ஆபீசுல கேளுன்றாரு. ஆபீசுல கேட்டா சாரக் கேளுன்றாங்க. இவங்க ஜெயிச்சா வாங்கித் தர்றேன்னாங்க. பேரு மட்டும் சொல்லிடாதீங்கக்கா. கேமராவும் கொஞ்சம் தள்ளியே இருக்கட்டும்."

"சரி போ, நான் இன்னா பைத்தியமா?"ன்னேன்.

"சத்தியமாக்கா?"

"சத்தியமாடி. போயி கால நீட்டி மடக்கு, போ."

பைனல் வர்றதுக்கு மத்தியானம் மூணு ஆச்சி. வெயிலு பொளக்குது. கூட்டம் இருந்துச்சி, ஆனா லைவ்ல ஆளு இல்ல. நாப்பத்தி மூணு பேரு. நல்லா ஞாபகம் இருக்கு, அந்த நம்பர மொறைச்சிக்கினே இருந்தேன். அதே நேரத்துல இன்னொரு சேனல்காரன் வேற ஊர்ல ஆம்பளைங்க மேட்சு போட்டுக்கினு இருந்தான், எல்லாம் அங்க போயிடுச்சி. பாய் போன் பண்ணாரு.

"இன்னாம்மா, ஈ ஓட்டிக்கினு இருக்கீங்களா? பொங்கல் விளம்பரம்மா இது."

போன வெச்சேன். கோர்ட்டுல கடைசி ரெண்டு நிமிசம். இந்தப் பொண்ணு டீமு மூணு பாயிண்டு பின்னாடி. எதிர்ல அஞ்சு பேரு. இது பாடிக்கினு உள்ள போச்சி. ஒருத்தி கணுக்காலப் புடிச்சிட்டா, இன்னொருத்தி இடுப்பக் கட்டிட்டா, மேல ரெண்டு பேரு வுழுந்தாங்க. முடிஞ்சிச்சின்னு நெனச்சேன். அந்த நாலு பேரையும் இழுத்துக்கினு மண்ணுல தவழ்ந்து தவழ்ந்து நடுக்கோட்டுல வெரல வெச்சிடுச்சி. நாலு பாயிண்டு. கூட்டம் மொத்தமா எழுந்து நின்னுச்சி.

அப்பதான் நான் கத்துனேன். "மலை மின்னல்! வந்துட்டா பாருங்க நம்ம மலை மின்னல்!"

அப்பறம் எல்லார்கிட்டயும் வாய் தவறிப்போச்சின்னு சொல்லிக்கினு திரிஞ்சேன். எங்க வூட்டுக்காரருகிட்ட கூட அதத்தான் சொன்னேன். தவறவே இல்ல. கத்தறதுக்கு முன்னாடி ஒரு செகண்டு அந்த நாப்பத்தி மூண பாத்தேன். பாத்துட்டுத்தான் கத்துனேன்.

கேமராவுக்குப் பின்னாடி இருந்து அவரு திரும்பி என்னப் பாத்தாரு. அந்தப் பொண்ணு மண்ணுல இருந்து எழுந்து, ஒடம்பத் தட்டாம அப்பிடியே நின்னு என்னப் பாத்துச்சி. நான் நிறுத்துனேனா? இல்ல. நம்பரு ஏறுது. நூறு, எரநூறு. கமெண்டுல ஒருத்தன் "இது ஃப்ளெக்ஸ்ல இருக்கிற பொண்ணாச்சே"ன்னு போட்டான். வர்ற கமெண்ட எல்லாம் மைக்குல படிக்கிறது என் வழக்கம். அதையும் படிச்சேன். படிச்சிட்டு, "கண்ணு நல்லாத்தான் தெரியுது உங்களுக்கு"ன்னு சிரிச்சேன்.

அவங்க டீம்தான் ஜெயிச்சிச்சி. கப்பு வாங்க இது வரல. தலையில துண்டப் போட்டுக்கினு யாரோட வண்டியிலயோ ஏறிப் போயிடுச்சி.

அந்த வீடியோ ஓடுச்சிங்க. நாலு பேர இழுத்துக்கினு வர்ற பொண்ணுன்னா யாருதான் பாக்க மாட்டாங்க? பாய் கடையில டிவியில அதையே திருப்பித் திருப்பி ஓட வுட்டாரு, கீழ அவரு கட பேரு ஓடிக்கினே இருக்கும். "இப்பதாம்மா நீ சேனலு"ன்னாரு. எனக்கு காலு தரையில நிக்கல.

மூணாவது நாளு அந்தப் பொண்ணு எங்க ஸ்டூடியோவுக்கு வந்துச்சி. காலையில மொத பஸ்ஸப் புடிச்சி எறங்கியிருக்கு. வந்து சேர்ல கூட உக்காரல.

"அக்கா, காலேஜ் தொறக்க இன்னும் ஆறு நாளு இருக்கு. சாரு ஊருக்குப் போயிருக்காரு. அதுக்குள்ள அந்த வீடியோவ தூக்கிட்டா ஒண்ணும் ஆவாது. தூக்கிடுங்கக்கா."

"பாக்கலாம் இரு."

"அக்கா, கால்ல வேணா வுழறேன்."

வுழுந்துச்சி. எனக்கு பாவமா இல்ல, எரிச்சலாத்தான் வந்துச்சி. உள்ள ஒரு கஸ்டமரு ஆல்பம் பாத்துக்கினு இருந்தாரு, அவரு எட்டிப் பாக்கறாரு. "எழுந்திருடி, சீன் போடாத. இந்த வாரம் ஓடட்டும், அப்பால தூக்கறேன்"னு சொல்லி அனுப்பப் பாத்தேன். அது வாசல்ல நின்னுக்கினு கடைசியா ஒண்ணு கேட்டுச்சி. யாராச்சும் கேட்டா அது நானில்லன்னு சொல்லுங்க, தூரத்துல இருந்து ஆளு மாத்திச் சொல்லிட்டேன்னு சொல்லுங்க, அது போதும்னு. "சொல்றேன், சொல்றேன், போ"ன்னேன்.

அது போனவுடனே எங்க வூட்டுக்காரரு, "தூக்குடி அத. பாவம்டி"ன்னாரு. "பாவம் பாத்தா கேமராவுக்கு தவண யாரு கட்டறது, உங்கப்பனா?"ன்னு கேட்டேன். அவரு எப்பவும் ஒரு தடவதான் சொல்லுவாரு. அதான் எனக்கு சவுரியமா போச்சி.

காலேஜ் தொறந்த அன்னிக்கே பி.டி. சாரு போன் பண்ணாரு. "மேடம், ஒரு அஞ்சு நிமிசம் வந்துட்டுப் போங்க."

போனா ரூம்ல அந்தப் பொண்ணு செவுத்தோரமா நின்னுக்கினு இருக்கு. மேசையில ஒரு பேப்பரு. அடுத்த வருசம் முழுக்க காலேஜ் மேட்சு, ஆண்டு விழா எல்லாத்துக்கும் லைவ் எங்களுக்குத்தான்னு எழுதுன பேப்பரு. கையெழுத்து மட்டும் பாக்கி. அது அங்க எதேச்சையா இருந்ததா, வேணும்னே வெச்சாரான்னு எனக்குத் தெரியாது.

சாரு போன்ல எங்க வீடியோவ காட்டுனாரு. எங்க வூட்டுக்காரரு அந்தப் பொண்ணு கேட்டபடியே தள்ளி நின்னுதான் எடுத்திருந்தாரு. மூஞ்சி முழுக்க மண்ணு, பாதிய ஹேர்பேண்டு மறைக்குது. ஸ்கோர் போர்டுல வேற பேரு.

"இது நானில்லன்னு சொல்லுது மேடம். பாத்தா அப்பிடித்தான் இருக்குது, ஆனா அடிச்சி சொல்ல முடியல. நீங்கதான பேரு சொல்லியிருக்கீங்க. கிட்டக்க இருந்து பாத்தவங்க. இதுதானா?"

ஒரு வார்த்த. இல்ல சார், ஆளு மாத்திச் சொல்லிட்டேன்னா முடிஞ்சிச்சி. பொண்ணு என்ன கெஞ்சற மாதிரி கூட பாக்கல. நான் சொல்லிடுவேன்னு நம்பிக்கையா நின்னுச்சி. அந்த நம்பிக்கதான் எனக்கு ஆத்திரத்தக் கெளப்புச்சி. நான் எதுக்குடி உனக்காக பொய் சொல்லணும், நாளைக்கு இவரு கண்டுபுடிச்சா என் பொழப்பு இன்னாவறதுன்னு உள்ள ஓடுது. தப்பு பண்ணது நானு, கோவம் அது மேல.

"இதுதான் சார்"னேன்.

அந்தப் பொண்ணு என் மேல இருந்து கண்ண எடுத்துடுச்சி. அழல. சாரு, "போயி பொட்டிய கட்டு, சாயந்தரத்துக்குள்ள ஹாஸ்டல காலி பண்ணு. யுனிவர்சிட்டிக்கு நான் லெட்டர் போட்டுக்கறேன்"னாரு. அது தலைய ஆட்டிட்டு வெளிய போச்சி.

அப்பறம் சாரு கதவ சாத்திட்டு சொன்னாரு. "அந்த வீடியோவ தூக்கிடுங்க மேடம். நம்ம பேரும் சேந்து கெடுது. பழைய லைவ், பேட்டி, அது வர்ற எல்லாத்தையும் தூக்கிடுங்க. ஃப்ளெக்ஸ்ல இந்த வருசம் வேற பொண்ணு வருது."

"சரிங்க சார்."

"இங்கயே பண்ணிடுங்களேன்."

போன எடுத்தேன். நெஜமாவே அழிக்கணுமா, அழிச்சா திரும்ப வராதுன்னு போனு கேக்கும். ஆமான்னு அமுக்குனேன். ஒண்ணு ஒண்ணா எல்லாத்தையும் அமுக்குனேன். அந்தப் பொண்ணு கால்ல வுழுந்து கேட்டப்ப என்னால முடியாத வேல, டீ ஆறதுக்குள்ள முடிஞ்சிச்சி. எங்ககிட்ட வேற காப்பியும் கெடையாது. மேட்ச எடுத்த கார்டுலயே அடுத்த முகூர்த்தத்துக்கு ஒரு கல்யாணத்த எடுத்துட்டாரு. சாரு கையெழுத்து போட்டுக் குடுத்தாரு, நானும் போட்டேன்.

வெளிய வந்து வண்டிய எடுத்தா, காலேஜ் கேட்டுக்கிட்ட அந்தப் பொண்ணு ஒரு தகரப் பொட்டியும் ஒரு பையுமா நிக்குது. பாக்காத மாதிரி போயிடலாம்னுதான் பாத்தேன். வழி ஒண்ணுதான்.

"அக்கா, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வுட்டுடறீங்களா? பொட்டி கனமா இருக்கு."

ஏறுன்னேன். பொட்டிய முன்னாடி கால் வெக்கிற எடத்துல வெச்சி, அது பின்னாடி உக்காந்து என் தோள புடிச்சிக்கிச்சி. வேற புடிக்கிறதுக்கு எடம் இல்ல. வழி பூரா திட்டுவா, கேப்பான்னு காத்துக்கினு இருந்தேன், பதிலு கூட தயாரா வெச்சிருந்தேன். ஸ்பீடு பிரேக்கரு வந்தா மட்டும் "அக்கா, பொட்டி பாத்து"ன்னுச்சி.

பஸ் ஸ்டாண்டுல கச்சிராபாளையம் வழியா மலைக்குப் போற பஸ்ஸு நின்னுச்சி. பொட்டிய ஏத்திட்டு திரும்பி வந்துச்சி. பர்ஸ்ல இருந்து ரெண்டு நோட்ட எடுத்து நீட்டுனேன். "வேணாங்க்கா"ன்னுட்டு சொல்லுச்சி.

"அக்கா, அந்த வீடியோவ தூக்குங்கன்னு கேட்டேன் இல்ல. இப்ப தூக்க வேணாங்க்கா, இருக்கட்டும். போறது போயிடுச்சி. எங்கப்பா நான் ஆடி பாத்ததே இல்ல. அன்னிக்கு ஆடுன மாதிரி நான் எப்பவும் ஆடுனதில்லக்கா. இனிமே எங்க ஆடப் போறேன்? எங்க ஊர்ல டவர் கெடைக்காது, பஸ் எடுக்கறதுக்குள்ள இங்கயே டவுன்லோடு பண்ணிக்கினு போயி அவருக்குக் காட்டறேன். இருக்கும் இல்ல?"

நான் அது மூஞ்சியப் பாத்து சொன்னேன். "இருக்கும்மா. எங்க போவப் போவுது? பாத்துக்கோ."

மொத தடவையா சிரிச்சிச்சி. "வர்றேங்க்கா"ன்னு ஓடிப் போயி ஏறி ஜன்னலோரமா உக்காந்துச்சி. கண்டக்டரு இன்னும் டீ குடிச்சிக்கினு இருந்தாரு. மடியில வெச்சிருந்த பைய நகத்திட்டு போன எடுத்து, தலையக் குனிஞ்சி தேட ஆரம்பிச்சிச்சி. நான் வண்டிய ஸ்டார்ட் பண்ணேன். செல்ப் எடுக்கல. எறங்கி ஒதைச்சேன், ரெண்டு தடவ, மூணு தடவ. அது தல நிமிர்றதுக்குள்ள நான் ரோட்டுக்கு வந்துட்டேன்.